முன்பயணி இருக்கைச் சென்சார்: பழுது தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாகத் தொழிலுக்கு வரும் ஆட்டோ எலக்ட்ரீஷியன்கள் அனைவரிடமும் இன்று காரின் பழுதுக் குறியீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் இருக்கிறது. முன்பயணி இருக்கையில் ஆள் இருப்பதை உணரும் சென்சாரின் மின்சுற்றில் பழுது என்று அதன் திரையில் வந்துவிட்டால், உடனே ஸ்பேனரை எடுத்துக்கொண்டு சீட்டைக் கழற்றப் போய்விடுகிறார்கள். நாங்கள் தொழில் பழகிய காலத்தில் செய்த அதே பிழைகளை, அன்று எங்களுக்குக் கிடைக்காத கருவிகளைக் கையில் வைத்துக்கொண்டு இவர்கள் செய்வதைப் பார்ப்பதால்தான் இதை எழுதுகிறேன். பியூஸைப் பார்க்க மறப்பது, சாவி போட்ட நிலையிலேயே கனெக்டரைப் பிடுங்குவது போன்றவற்றை எவரும் முதல் சில வாரங்களிலேயே தாமாகக் கற்றுக்கொள்வார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

எந்த வகைச் சென்சார் என்று அறியாமல் தொடங்குவது

இந்தியாவில் ஏஐஎஸ் 145 என்னும் தரவிதியின்படி, 2019 ஜூலை 1 முதல் தயாராகும் பயணியர் கார்களில் ஓட்டுநருக்கு மட்டுமன்றி அவருக்குப் பக்கத்தில் அமர்பவருக்கும் சீட் பெல்ட் நினைவூட்டி இருந்தாக வேண்டும். அதற்காக நம் கார்கள் பலவற்றில் வைக்கப்பட்டிருப்பது, குஷனுக்குள் கிடக்கும் மெல்லிய பிளாஸ்டிக் பாய். இரண்டு படலங்களுக்கு இடையே தொடுமுனைகள் இருக்கும்; ஆள் அமர்ந்ததும் அவை அழுந்தி ஒன்றையொன்று தொட, மின்தடை மாறும். அதிலிருந்து வெளியே வருபவை பெரும்பாலும் இரண்டே வயர்கள்.

அமெரிக்கச் சந்தைக்கான கார்களில் நிலைமை வேறு. அங்கே எஃப்எம்விஎஸ்எஸ் 208 என்னும் விதி 2000-ஆம் ஆண்டில் திருத்தப்பட்டு, 2003 செப்டம்பர் முதல் படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. அதன் விளைவாக, அமர்ந்திருப்பது குழந்தையா பெரியவரா என்று கணித்து முன்பயணி ஏர்பேக்கை நிறுத்திவைக்கும் அமைப்பு பெரும்பாலான கார்களில் இடம்பெற்றது. குஷனுக்கு அடியில் திரவம் நிரம்பிய பையும் அதனுடன் ஒரு அழுத்தச் சென்சாரும் வைப்பது ஒரு முறை. சீட்டின் நான்கு மூலைகளிலும் எடையளக்கும் சென்சார்களைப் பொருத்துவது இன்னொரு முறை. இந்த வகையில் சென்சார் அளப்பதை அதன் சொந்த மாட்யூல் (மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டி) கணக்கிட்டு ஏர்பேக் மாட்யூலுக்கு அனுப்புகிறது.

அமெரிக்க மெக்கானிக்குகளின் வீடியோக்களைப் பார்த்துவிட்டு, இரண்டு வயர் பாய் மட்டுமே உள்ள காரில் ஜீரோ கேலிப்ரேஷன் (காலி சீட்டின் எடையைச் சுழியாகப் பதிவது) மெனுவைத் தேடி அரை நாளைப் போக்குகிறவர்கள் உண்டு. அதற்கு நேர்மாறாக, எடையளக்கும் அமைப்புள்ள இறக்குமதிக் காரில் மல்டிமீட்டரின் ஓம் அளவை மட்டும் பார்த்துவிட்டுச் சென்சார் போய்விட்டது என்று தீர்ப்பு எழுதுகிறவர்களும் உண்டு. முன்னதற்கு மல்டிமீட்டர் போதும். பின்னதற்கு ஸ்கேனரின் நேரலை அளவுகளில் காலி சீட்டுக்கு என்ன எடை காட்டுகிறது, எடை தெரிந்த பொருளை வைத்தால் என்ன காட்டுகிறது என்று பார்த்தாக வேண்டும். அந்த மாடலுக்குரிய சர்க்யூட் படத்தைக் கையில் எடுக்காமல் சீட்டின் போல்ட்டைத் தொடுவதில் பொருள் இல்லை.

சீட்டில் கைப்பை வைத்தால் நினைவூட்டி ஒலிப்பதைப் பழுது என்பது

அது பழுதன்று.

புதுப் பாகம் போட்டதும் எச்சரிக்கை விளக்கு அணைந்ததால், பழைய பாகமே குற்றவாளி என்று முடிவு கட்டுவது

எத்தனை முறை சொன்னாலும் திரும்பத் திரும்ப நடப்பதும், வாடிக்கையாளரின் பணத்தை வீணாக்குவதும் இந்தத் தவறுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன்.

ஸ்கேனர் காட்டும் குறியீடு சென்சாரின் பெயரைச் சொல்கிறதே தவிர, சென்சாரைக் குற்றம் சாட்டவில்லை. மாட்யூல் தன்னுடைய இரண்டு பின்களுக்கு இடையே உள்ள மின்தடையை மட்டுமே அறியும். அந்தப் பின்களிலிருந்து தொடங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் ஓடும் வயரிங், சீட்டுக்கு அடியிலுள்ள கனெக்டர், அதற்கு அப்பால் பாய் என்று எல்லாமே அதற்கு ஒரே சுற்று. இவற்றுள் மிகவும் அடிபடுவது சீட்டுக்கு அடியிலுள்ள கனெக்டர். சீட் முன்னும் பின்னும் நகரும்போதெல்லாம் அதன் வயர் இழுபடுகிறது. பின்னால் அமர்பவரின் கால் இடிக்கிறது. சீட்டுக்கு அடியில் திணிக்கப்படும் குடையும் தண்ணீர் பாட்டிலும் அதை அழுத்துகின்றன. இவற்றைவிட மோசமானது ஈரம். ஏசியின் வடிகால் குழாய் அடைபட்டால் நீர் வெளியேற வழியின்றி உள்ளே முன்பயணியின் கால் வைக்கும் இடத்தில் இறங்கும். மேலே காய்ந்தாற்போல் தெரியும் கார்ப்பெட்டின் அடிப்பஞ்சு மாதக்கணக்கில் நனைந்தே கிடக்கும். அந்த ஈரத்தில் பின்கள் பச்சைக் களிம்பு பூத்து, மின்தடை கூடி, மாட்யூல் குறியீட்டைப் பதிகிறது.

இப்போது பாயை மாற்றுகிறவர் என்ன செய்கிறார் என்று கவனியுங்கள். பழையதைக் கழற்றக் கனெக்டரைப் பிரிக்கிறார். புதியதை மாட்ட மீண்டும் சேர்க்கிறார். அந்த உரசலிலேயே களிம்பு ஓரளவு சுரண்டப்பட்டு உலோகம் உலோகத்தைத் தொடுகிறது. விளக்கு அணைகிறது. அணைத்தது கனெக்டரைக் கழற்றி மாட்டிய செயல். பெயர் தட்டிக்கொண்டு போவது புதுப் பாய். சில வாரங்களில் களிம்பு மீண்டும் பூக்கும்போது, புதிய பாகமும் மட்டமானது என்ற பேச்சு எழுகிறது.

எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு சிறிய காருக்கு இதுவே நடந்திருந்தது. வேறொரு பட்டறையில் முன்பயணி குஷனையே மாற்றியிருந்தார்கள். பல மாடல்களில் பாய் தனியாகக் கிடைப்பதில்லை, குஷனோடு சேர்த்துத்தான் தருகிறார்கள் என்பதால் செலவு பெரிதாகிவிட்டது. மாற்றிய பின் விளக்கு அணைந்திருந்தது. கோடை தொடங்கி ஏசி முழு நாளும் ஓட ஆரம்பித்ததும் மறுபடி எரிந்தது. நல்லவேளையாக உரிமையாளர் பழைய குஷனைக் கேட்டு வாங்கி டிக்கியில் வைத்திருந்தார். கார்ப்பெட்டைத் தூக்கிப் பார்த்தபோது அடியில் நீர் நின்றிருந்தது; வடிகால் குழாய் மண்ணும் தூசியும் சேர்ந்து அடைபட்டிருந்தது. குழாயைச் சுத்தம் செய்து, கார்ப்பெட்டைக் காயவைத்து, கனெக்டரின் பின்களைப் புதிதாகப் போட்ட பிறகு, பழைய குஷனையே மாட்டினோம். ஆள் அமர்ந்தாலும் எழுந்தாலும் அது சரியாகவே காட்டியது. அந்தப் பட்டறைக்காரரிடம் உரிமையாளர் கேட்டதற்குக் கிடைத்த பதில், "மாத்தினதும் சரியாச்சா இல்லையா?" என்பதுதான். இந்த ஒரு வாக்கியத்தை நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல் வருகிறது. ஏனெனில் அதை உண்மையென்று நம்பித்தான் அவர் சொல்லியிருக்கிறார்.

ஆகையால் வேலையின் வரிசை முக்கியம். கனெக்டருக்குக் கை எட்டட்டும் என்று சீட்டைக் கடைசி வரை தள்ளுவதுதான் எல்லோருக்கும் முதல் பழக்கம். ஆனால் சீட்டின் ஒரு குறிப்பிட்ட நிலையில் மட்டும் வயர் இழுபட்டு வரும் பழுது அந்தத் தள்ளலிலேயே மறைந்துவிடும். எனவே வாடிக்கையாளர் வைத்திருந்த நிலையிலேயே சீட்டை விட்டுவிட்டு, குறியீடு இப்போது இருப்பதா பழையதா என்பதையும் பேட்டரி வோல்டேஜையும் முதலில் எழுதி வையுங்கள். எழுதும் முன் குறியீட்டை அழித்துவிட்டால் அந்தத் தடயம் திரும்பக் கிடைக்காது. பிறகு நேரலை அளவைத் திரையில் வைத்துக்கொண்டு ஒருவரை அமரச் செய்து, எழச் செய்து, சீட்டை முழுத் தூரமும் மெதுவாக நகர்த்தி, எந்த இடத்தில் அளவு தாவுகிறது என்று பாருங்கள்.

இதற்குப் பின்னர்தான் கழற்றும் வேலை. பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, அந்தக் காரின் கையேடு சொல்லும் நேரம் வரை காத்திருந்து, கனெக்டரைப் பிரித்தவுடன் துடைக்காமலும் ஸ்ப்ரே அடிக்காமலும் பின்களை வெளிச்சத்தில் பாருங்கள். பாயின் பக்கம் மட்டும் காலியாகவும் ஆள் அமர்ந்தும் அளந்து, கையேட்டின் அளவோடு ஒப்பிடுங்கள். பின்னர் சீட்டுக்கு அடியிலுள்ள கனெக்டரைச் சேர்த்துவிட்டு, மாட்யூலிலிருந்து கழற்றிய கனெக்டரில் அதே அளவை மீண்டும் எடுங்கள். இரண்டும் ஒத்திருந்தால் வயரிங்கில் குறையில்லை. முதல் அளவு கையேட்டோடு ஒத்து, இரண்டாவது மட்டும் கூடியோ நிலையில்லாமலோ இருந்தால் பாய் குற்றமற்றது. பாயை மாற்றியே தீர வேண்டியிருந்தாலும், மாற்றிச் சரியான பிறகு ஒருமுறை பழைய பாயை அதே கனெக்டரில் மாட்டிப் பாருங்கள். பழுது திரும்பி வரவில்லை என்றால் நீங்கள் இன்னும் காரணத்தைக் கண்டுபிடிக்கவில்லை.

மீட்டரின் தடித்த புரோபைக் கனெக்டரின் பின்னுக்குள் திணிப்பது

பெண் பின் (துளையுள்ள பின்) விரிந்துவிட்டால் நீங்கள் தேடிவந்த பழுதோடு நீங்களே உண்டாக்கிய பழுதும் சேர்ந்துகொள்ளும். கனெக்டரின் பின்புறமிருந்து மெல்லிய ஊசிமுனையால் அளக்க வேண்டும்.

மஞ்சள் கனெக்டரில் மீட்டர் வைப்பது

வைக்கவே கூடாது. அதே சீட்டுக்கு அடியில் பக்கவாட்டு ஏர்பேக்குக்கும், பெல்ட்டை இறுக்கும் பிரிடென்ஷனருக்கும் செல்லும் மஞ்சள் கனெக்டர் கொண்ட வயர்கள் இருக்கலாம். மீட்டர் மின்தடையை அளக்க அனுப்பும் சிறு மின்சாரமே அவற்றின் வெடிமருந்தைப் பற்றவைக்கக்கூடும். அவை கழன்ற நிலையில் சாவியைப் போட்டால் புதிய குறியீடுகள் பதிந்து, தேடல் மேலும் குழம்பும்.

சீட் கவரை மறந்துவிடுவது

பல கார்களில் உள்ளது கடையில் தைத்துப் போட்ட தடித்த ரெக்சின் கவர். அதை இழுத்துக் கட்டிய இறுக்கத்திலேயே பாய் அழுந்தி, காலி சீட்டில் ஆள் இருப்பதாகக் காட்டலாம்; அடியில் கூடுதல் பஞ்சு வைத்திருந்தால் எடை பரவி, ஒல்லியானவர் அமர்ந்தும் உணராமல் போகலாம். கவரைக் கழற்றிவிட்டு ஒருமுறை அளந்து பார்த்த பிறகே மற்றவை.

விளக்கு எரியவில்லை என்பதால் சென்சார் நலம் என்று எண்ணுவது

பாய்க்குள் ஒரு ரெசிஸ்டரையும் (குறித்த மின்தடை கொண்ட சிறு பாகம்) சேர்த்து வைத்திருக்கும் அமைப்பில், சீட் காலியாக இருப்பதையும் வயர் அறுந்திருப்பதையும் மாட்யூலால் பிரித்தறிய முடியும். வெறும் சுவிட்ச் போல இயங்கும் எளிய பாயில் அது முடியாது. வயர் அறுந்தாலும் சீட் காலி என்றே அது எடுத்துக்கொள்ளும். குறியீடும் வராது, விளக்கும் எரியாது. பெல்ட் போடாமல் ஒருவர் அமர்ந்திருந்தும் கார் வாய் திறக்காது. ஓசை வரவில்லை என்று எந்த வாடிக்கையாளரும் புகார் கொண்டு வருவதில்லை. ஆகவே வேறு வேலைக்கு வந்த காராக இருந்தாலும், பக்கத்து சீட்டில் பெல்ட் போடாமல் ஒருவரை அமர்த்தி, நினைவூட்டி ஒலிக்கிறதா என்று பார்க்கும் பழக்கம் வேண்டும்.

ரெசிஸ்டரைச் சொருகி விளக்கை அணைப்பது

சில நூறு ரூபாயில் தொல்லை தீரும் என்று வாடிக்கையாளரே இதைக் கேட்பார். எடையளந்து ஏர்பேக்கை நிறுத்திவைக்கும் அமைப்பில், எப்போதும் பெரியவர் அமர்ந்திருப்பதாகக் காட்டும் போலிப் பெட்டியைப் பொருத்தினால், குழந்தை அமர்ந்திருக்கும்போதும் ஏர்பேக் முழு வேகத்தில் விரியும். இரண்டு வயர் பாயில் எப்போதும் காலி என்று காட்டினால் நினைவூட்டியே செத்துப்போகும். சீட் பெல்ட் பக்கிளில் சொருகும் போலிக் கொக்கிகளும் இதே இனம்தான்; அவற்றை விற்பனைப் பட்டியலிலிருந்து நீக்குமாறு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023-இல் ஐந்து இணைய விற்பனைத் தளங்களுக்கு ஆணையிட்டது. கேட்பவர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள்.

எடையளக்கும் சீட்டை மாட்டியதும் காரைக் கொடுத்துவிடுவது

திரவப் பை உள்ள அமைப்புகள் சிலவற்றில் பை, அழுத்தச் சென்சார், ஃபோம், மாட்யூல் ஆகிய நான்கும் தொழிற்சாலையிலேயே ஒன்றுக்கொன்று பொருத்தி அளவிடப்பட்டு ஒரே தொகுப்பாக வருகின்றன. அதிலிருந்து ஒன்றை மட்டும் எடுத்துப் போட்டால் எடைக் கணக்கு தவறும். மூலைச் சென்சார்கள் உள்ள சீட்டில் போல்ட்டுகளைக் கையேட்டின் டார்க் (இறுக்கும் முறுக்குவிசை) அளவுக்கும் வரிசைக்கும் ஏற்ப இறுக்காவிட்டால், சட்டம் முறுக்கிக்கொண்டு காலி சீட்டிலேயே எடை காட்டும். இறுக்கி முடித்த பின், சமதளத்தில், சீட்டின் மேல் ஒரு துணிகூட இல்லாமல் ஜீரோ கேலிப்ரேஷன் செய்து, எடை தெரிந்த பொருளை வைத்து நேரலை அளவைச் சரிபார்த்துவிட்டு, அந்த அளவைப் பில்லின் பின்புறம் எழுதிக் கொடுங்கள். அடுத்த முறை விளக்கு எரியும்போது அந்தக் காரைப் பார்ப்பவருக்கு ஒப்பிட ஓர் அளவாவது இருக்கும்.