மவுண்டன் பைக்கில் பாகம் மாற்றும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கலிஃபோர்னியாவின் தமால்பைஸ் மலைப் பகுதியில் 1976-ல் ஒரு இறக்கப் பந்தயம் தொடங்கியது. ஓட்டியவர்களிடம் இருந்தவை பழைய, கனமான சைக்கிள்கள். பெடலைப் பின்பக்கமாக மிதித்தால் பிடிக்கிற, சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப்புக்குள் இருக்கும் பிரேக்தான் அவற்றில் இருந்தது. ஒருமுறை கீழே இறங்கினாலே ஹப் கொதித்து, உள்ளே இருக்கும் கிரீஸ் புகைந்து தீர்ந்துவிடும். பிரித்துத் திரும்பவும் கிரீஸ் அடைக்க வேண்டும். அதனால் பந்தயத்துக்கே ‘ரீபேக்’ (திரும்ப அடைப்பது) என்று பெயர் வந்தது. மவுண்டன் பைக்கில் நிலைத்து நின்ற நல்ல பாகங்கள் எல்லாமே இப்படி ஒரு தொல்லைக்கு விடையாகப் பிறந்தவை. அது என்ன தொல்லை, நமக்கு அது இருக்கிறதா என்று பார்க்காமல் வாங்குவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே கிளைக்கின்றன.

முன்சக்கரத்தைப் பிடித்தபடி அமுங்கி எழுந்து அதிர்வைத் தாங்கும் சஸ்பென்ஷன் ஃபோர்க்கையே எடுத்துக்கொள்வோம். 1990-ல் அமெரிக்காவின் டுராங்கோவில் நடந்த முதல் உலக சாம்பியன்ஷிப்பில் கிரெக் ஹெர்போல்ட் இறக்கப் போட்டியை வென்றபோது அவர் சைக்கிளில் இருந்தது ராக்‌ஷாக்ஸ் ஆர்எஸ்-1 ஃபோர்க். அது அமுங்கும் தூரம் 2 அங்குலம்கூடக் கிடையாது. இன்று 150, 170 மில்லிமீட்டர் ஃபோர்க்குகள் சாதாரணம். ‘டிராவல் (அமுங்கும் தூரம்) கூடினால் நல்லதுதானே’ என்று 120 இருந்த இடத்தில் 150-ஐ மாட்டிவிடுகிறார்கள். முன்பக்கம் தூக்கிக்கொள்ளும், 20 மில்லிமீட்டர் கூடினால் ஃபோர்க் நுழையும் முன்குழாயான ஹெட் டியூபின் கோணம் ஏறக்குறைய 1 டிகிரி சாயும். ஏற்றத்தில் முன்சக்கரம் அலைபாயும். ஃபிரேமின் கழுத்துக்கும் அது தாங்காத சுமை. ஃபிரேம் தயாரித்தவர் சொல்லும் உச்ச அளவைத் தாண்டவே கூடாது.

அதைவிடப் பெரிய தவறு, நல்ல ஃபோர்க்கை வாங்கி அதற்குள் இருக்கும் காற்றைச் சரிபார்க்காமல் ஓட்டுவது. கடையில் அடித்துக் கொடுத்த காற்றோடு நான் பல மாதம் ஓட்டினேன். ஒவ்வொரு இறக்கத்துக்கும் பிறகு உள்ளங்கை எரியும், விரல் மரத்துப்போகும். ஃபோர்க்கே மட்டம் என்று முடிவுகட்டியிருந்தேன். உண்மையில் அந்த அழுத்தம் என்னைவிட மிகக் கனமான ஆளுக்கானது. சரிபார்ப்பது சுலபம். ஹெல்மெட், பை, தண்ணீர் என்று வழக்கமாகச் சுமப்பதையெல்லாம் மாட்டிக்கொண்டு, ஒரு கையால் சுவரைப் பிடித்தபடி பெடல் மேல் எழுந்து நில்லுங்கள். ஃபோர்க் தண்டில் சின்ன ரப்பர் வளையம் இருக்கும். அதைக் கீழே, தண்டு உள்ளே நுழையும் இடத்தில் உள்ள சீல் வரை தள்ளிவிட்டு, குலுக்காமல் மெதுவாக இறங்குங்கள். வளையம் சீலிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்று அளந்து பாருங்கள். 150 மில்லிமீட்டர் ஃபோர்க்கில் 22 முதல் 30 வரை, அதாவது 15 முதல் 20 சதவீதம் இருந்தால் சரி. இந்த அளவு குறைவாக இருந்தால் கொஞ்சம் காற்றை வெளியே விடுங்கள், கூடுதலாக இருந்தால் காற்று அடியுங்கள். பின்சக்கரத்துக்கான ஷாக் (அதிர்வுதாங்கி) இருந்தால் அதற்கு 25 முதல் 30 சதவீதம். புது ஃபோர்க் வாங்கும் முன் இந்த ஐந்து நிமிட வேலையைச் செய்துவிடுங்கள். பலருக்குப் புதுசே தேவைப்படாது.

டயரைக் கடைசியில் யோசிப்பது அடுத்த தவறு. தரையைத் தொடுவது அது மட்டும்தான். 1999-ல் மாவிக் நிறுவனம் யுஎஸ்டி என்ற டியூப்லெஸ் (டியூப் இல்லாத டயர்) முறையைக் கொண்டுவந்தது. டியூபை எடுத்தால் எடை குறையும் என்பதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. கல்லில் மோதும்போது ரிம்முக்கும் கல்லுக்கும் நடுவே டியூப் நசுங்கி இரண்டு ஓட்டை விழும் தொல்லை ஒழிந்தது. அதனால் காற்றைக் குறைத்து ஓட்ட முடிந்தது. டயர் வேரையும் கல்லையும் தழுவிக்கொண்டு போகும். இது தெரியாமல் டியூப்லெஸ்ஸுக்கு மாறிவிட்டுப் பழையபடி 40 பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) அடித்தால் காசைக் கரியாக்கியதுதான் மிச்சம். 2.4 அங்குல டயருக்கு நடுத்தர எடையுள்ளவர் 20-க்குச் சற்று மேலே ஆரம்பித்து, ஒன்றிரண்டாக ஏற்றி இறக்கிப் பார்க்கலாம். அப்புறம், ஓட்டையை அடைக்க டயருக்குள் ஊற்றும் சீலன்ட் திரவம் காய்ந்துபோகும். சில மாதங்களுக்கு ஒருமுறை சக்கரத்தைக் காதருகே வைத்துக் குலுக்குங்கள்; திரவம் அலம்பும் சத்தம் இல்லையென்றால் ஊற்றும் நேரம் வந்துவிட்டது.

பிரேக்கில் நடக்கும் தவறுகள்தான் எனக்கு உண்மையிலேயே பயம் தருபவை. ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் வந்தபிறகு ஒரே விரலால் நிறுத்த முடிகிறது. ஆனால் எண்ணெய் விஷயத்தில் அது மன்னிக்காது. சில பிரேக்குகளுக்கு மினரல் ஆயில், சிலவற்றுக்கு டாட் திரவம். மாற்றி ஊற்றினால் உள்ளே உள்ள ரப்பர் சீல்கள் உப்பியோ சிதைந்தோ போய், இறக்கத்தின் நடுவே பிரேக் கைவிட்டுவிடும். லீவரில் அல்லது அதன் மூடியில் எந்தத் திரவம் என்று எழுதியிருக்கும், அதை மட்டும் ஊற்றுங்கள். செயினுக்கு ஸ்பிரே அடிக்கும்போது ஒரு துளி ரோட்டரில் (சக்கரத்தோடு சுற்றும் பிரேக் தட்டு) பட்டால் போதும், அதைப் பிடிக்கும் பேட் எண்ணெயை உறிஞ்சிவிடும். பிறகு கீச்சென்ற சத்தமும் பாதிப் பிடியும்தான். செயினுக்குச் சொட்டுச் சொட்டாக விடும் எண்ணெயே நல்லது. விலை குறைந்த சில ரோட்டர்களில் ரெசின் பேட் மட்டுமே போட வேண்டும் என்று பொறித்திருக்கும். அவற்றில் மெட்டல் பேட் போட்டால் ரோட்டர் சீக்கிரம் தேய்ந்துவிடும். புதுப் பேட் போட்ட அன்றே செங்குத்தான இறக்கத்துக்குப் போகாதீர்கள். சமதளத்தில் வேகமெடுத்து, முழுக்க நிற்காமல் நடை வேகம் வரை பிடித்து விடுங்கள். இருபது தடவையாவது இப்படிச் செய்தால்தான் பேட் ரோட்டரோடு பழகும்.

கியரில் 2012 ஒரு திருப்பம். ஸ்ராம் நிறுவனத்தின் எக்ஸ்எக்ஸ்1 கியர் தொகுதி, முன்னால் ஒரே பல்சக்கரம், பின்னால் 10 முதல் 42 பல் வரை 11 வளையம் என்று வந்தது. பல்சக்கரத்தில் ஒரு பல் தடிமன், அடுத்தது மெல்லிசு என்று மாறி மாறி இருந்ததால் செயின் கழன்று விழுவது பெரும்பாலும் நின்றது. 2016-ல் 12 வளையம், 50 பல். அருமையான முன்னேற்றம்தான், ஆனால் 12 வேக கேசட்டை (பின் பல்வளையங்களின் தொகுப்பு) மட்டும் வாங்கி வந்து பழைய ஹப்பில் மாட்டப் பார்ப்பவர்கள் ஏமாந்துபோகிறார்கள். 10 பல் வளையம் ஹப்பில் வேறு வகை ஃப்ரீஹப் (கேசட்டை மாட்டும் உருளை) கேட்கும். கியர் மாற்றும் ஷிஃப்டரும், செயினை நகர்த்தும் டெரைலரும் அதே வேகத்துக்கானவையாக இருக்க வேண்டும்.

அளவு பொருந்தாமல் போவது இன்னும் பல இடங்களில் உண்டு. பின் ஹப்பின் அகலம் 135, 142, 148 மில்லிமீட்டர் என்று மாறிக்கொண்டே வந்திருக்கிறது. சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட்டில் 30.9 மில்லிமீட்டருக்கும் 31.6-க்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது, ஆனால் ஒன்று பொருந்தும் குழாயில் மற்றது பொருந்தாது. பழைய போஸ்ட்டின் அடியில் பொறித்த எண்ணைப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், இத்தனை வருடங்களில் வந்ததிலேயே சிறந்தது, ஓட்டியபடியே சீட்டை ஏற்றி இறக்க உதவும் டிராப்பர் போஸ்ட்தான். 1984-லேயே ஹைட்-ரைட் என்ற ஒரு ஸ்பிரிங், சைக்கிளிலிருந்து இறங்காமலே சீட்டை இறக்க உதவியது. இன்று ஹேண்டில்பாரில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். இறக்கத்தில் உடம்பைப் பின்னுக்கும் கீழுக்கும் கொண்டுபோக இடம் கிடைக்கிறது. ஆனால் 200 மில்லிமீட்டர் இறங்கும் போஸ்ட்டை ஆசைப்பட்டு வாங்கி, ஃபிரேமுக்குள் முழுதாக இறங்காமல் சீட் உயரமாகவே நின்றுவிட்டால் என்ன பயன்? இப்போது ஓட்டும் உயரத்தில் ஃபிரேம் விளிம்பிலிருந்து சீட்டின் கம்பி வரை அளந்துகொள்ளுங்கள்; குழாய்க்குள் எவ்வளவு ஆழம் தடையில்லாமல் போகிறது என்றும் பாருங்கள். இரண்டிலும் அடங்கும் நீளமே உங்களுடையது. மாட்டும்போது கிளாம்பை மட்டுமீறி முறுக்கினால் போஸ்ட் ஏறி இறங்காமல் சிக்கும். சீட் கீழே இறங்கியிருக்கும்போது அதைப் பிடித்துச் சைக்கிளைத் தூக்காதீர்கள். சில போஸ்ட்டுகளில் உள்ளே காற்று புகுந்து, அன்றிலிருந்து உட்காரும்போதெல்லாம் சீட் லேசாக அமுங்க ஆரம்பிக்கும்.