சுகர் இருக்கும் வீட்டில் மறதி வந்தால் நாம் செய்யும் தவறுகள்

காவேரிப்பட்டணத்தில் இருக்கும் எங்கள் பெரியம்மா, போன மாங்காய் சீசனில் ஒரே கேள்வியை நாலு தடவை கேட்க ஆரம்பித்தார். "அவங்க அம்மாவுக்கும் கடைசியில இப்படித்தான், ரத்தத்துல வர்றது" என்று வீட்டில் முடிவு கட்டிவிட்டார்கள். முதல் தவறு அதுதான்.

ஒரே மரபணுக் கோளாறால் அல்சைமர் (மறதி நோயில் அதிகம் காணப்படும் வகை) தலைமுறை தலைமுறையாக இறங்குவது மிகச் சில குடும்பங்களில்தான், அங்கேயும் பெரும்பாலும் 65 வயதுக்கு முன்பே தெரிந்துவிடும். மற்றவர்களுக்கு முக்கியமாகச் சொல்லப்படுவது ஏபிஓஇ மரபணுவின் இ4 வகை. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தால் ஆபத்து கூடும், இருவரிடமிருந்தும் வந்தால் இன்னும் கூடும். ஆனால் அது இருந்தும் கடைசிவரை தெளிவாக இருப்பவர்கள் உண்டு, இல்லாமலே நோய் வந்தவர்களும் உண்டு. அதனால் பயத்தில் மரபணு டெஸ்டுக்குப் பணம் கட்ட ஓடாதீர்கள்.

சுகருக்கு வருவோம். இரண்டாம் வகை சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மறதி நோய் வரும் வாய்ப்பு சுமார் ஒன்றரை மடங்கு. மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் கெடுவது ஒரு காரணம். அல்சைமரைச் சிலர் 'மூன்றாம் வகை சர்க்கரை நோய்' என்கிறார்கள், அது டாக்டர் சீட்டில் எழுதும் நோயின் பெயர் இல்லை.

இதைக் கேட்டதும் சுகரை அடிமட்டத்துக்குக் குறைக்கக் கிளம்புகிறோமே, அதுதான் என்னைப் பொறுத்தவரை பெரிய தவறு. அமெரிக்கா, கனடாவில் நடந்த அக்கார்டு ஆய்வில் மூன்று மாத சுகர் சராசரியை (ஹெச்பிஏ1சி) 6 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவரப் பார்த்தார்கள். இறப்பு கூடியதால் அந்தத் தீவிர சிகிச்சையை 2008-லேயே நிறுத்தினார்கள், நினைவாற்றலுக்கும் கூடுதல் பலன் தெரியவில்லை. வயதானவர்களுக்கு லோ சுகர் மூளைக்கே ஆபத்து. வியர்வை, நடுக்கம், தடுமாறிய பேச்சு, திடீர்க் கோபம் இதெல்லாம் வந்தால் வயசுக் கோளாறு என்று விடாமல் குளுக்கோமீட்டரை எடுங்கள். 70-க்குக் கீழே இருந்தால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், கால் மணி நேரம் கழித்துத் திரும்பப் பாருங்கள். மயங்கிக் கிடப்பவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றாதீர்கள், உடனே 108-க்குக் கூப்பிடுங்கள்.

பெரியம்மா விஷயத்தில் நடந்ததும் கிட்டத்தட்ட இதுதான். காலையில் சுகரைக் குறைக்கும் க்ளிமிபிரைடு மாத்திரை போட்டதை மறந்து இன்னொன்றும் போட்டிருக்கிறார், பதினோரு மணிக்குப் பார்த்தால் 58. சூளகிரி பக்கம் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' என்ற தமிழக அரசுத் திட்டத்தால் மாத்திரை வீட்டுக்கே வருகிறது, நல்ல விஷயம்தான். வந்த மாத்திரையை யார் எடுத்துக் கொடுக்கிறார்கள் என்பது வீட்டின் பொறுப்பு இல்லையா?

அப்புறம் வைட்டமின் பி12. மெட்ஃபார்மின் என்ற சுகர் மாத்திரையை வருஷக்கணக்கில் போட்டால் அது குறையலாம், குறைந்தாலும் மறதி வரும். அதோடு தைராய்டும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டுமே சாதாரண ரத்த டெஸ்ட்.

பெரியம்மாவுக்கு பி12 குறைவாக இருந்தது, ஊசி போடுகிறார்கள். மாத்திரை டப்பா இப்போது மருமகள் கையில். கேள்விகள் குறைந்திருக்கின்றன, நிற்கவில்லை. அடுத்த மாதம் நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போகிறோம்.