ரெண்டு தழும்பு இருந்தாலும் டிபி வரும்: தடுப்பூசி பற்றி நாம் செய்யும் தவறுகள்

சுங்கை சிப்புட்டில் அக்கா வீட்டுக்குப் போனபோது பேரப்பிள்ளைக்கு ஆறு வாரம். இடது கையில், தோளுக்குச் சற்றுக் கீழே பட்டாணி அளவு கொப்புளம், நுனியில் மஞ்சளாகச் சீழ். "கிளினிக் மிசி போட்ட ஊசி செப்டிக் ஆயிடுச்சுடா தம்பி" என்று அக்கா மஞ்சளை உரசி கையில் வைத்துக்கொண்டு தயாராக உட்கார்ந்திருக்கிறார். நல்ல வேளை, தடவவில்லை.

கொப்புளத்தைக் கண்டு பயந்து எதையாவது தடவப் போவதுதான் முதல் தவறு. அந்த ஊசி பிசிஜி, அதாவது டிபி என்ற காசநோய்க்கான தடுப்பூசி. அதில் இருப்பது உயிருள்ள கிருமி. கால்மெட், கெரான் என்ற இரண்டு பிரெஞ்சுக்காரர்கள் மாட்டு டிபி கிருமியை 13 வருடம், 230 தடவை மாற்றி மாற்றி வளர்த்து, நோய் உண்டாக்கும் வலுவைப் போக்கி 1921-இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். ஊசி போட்ட இடத்தில் சில வாரம் கழித்துக் கொப்புளம் வருவதும், சீழ் கட்டி உடைந்து தானே காய்வதும் எதிர்பார்க்கிற விஷயம். பிதுக்க வேண்டாம், மஞ்சளும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம், சுத்தமாக வைத்திருந்தால் போதும். அக்குளில் கட்டி பெரிதாகிக்கொண்டே போனால் மட்டும் தள்ளிப்போடாமல் கிளினிக்குக் கொண்டு போங்கள்.

அந்தப் பட்டாணிக்குள் என்ன நடக்கிறது? கிருமியை மேக்ரோபேஜ் என்ற செல் விழுங்குகிறது. விழுங்கினால் மட்டும் போதாது, டிபி இனத்துக் கிருமி அதற்குள்ளேயே குடித்தனம் நடத்தக்கூடியது. அதனால் இண்டர்லூக்கின் 12 போன்ற சமிக்ஞைகள் வெளியே போகின்றன, எதிர்ப்புசக்திப் படையைச் சேர்ந்த டி செல்கள் வருகின்றன, வந்தவை இண்டர்பெரோன் காமாவைச் சுரந்து "உள்ளே இருப்பதைக் கொல்" என்று மேக்ரோபேஜை முடுக்கிவிடுகின்றன. பழைய தோட்டத்துப் பெரட்டு மாதிரி வைத்துக்கொள்ளுங்கள், விடியற்காலை மணி அடித்தால்தான் ஆள் வரும். இந்தச் சமிக்ஞை மூலக்கூறுகளுக்குப் பொதுப்பெயர் சைட்டோகைன். பிறவியிலேயே இந்த வரிசையில் ஒரு கண்ணி அறுந்த குழந்தைகள் அபூர்வமாக உண்டு, அவர்களுக்கு இந்தச் சாது பிசிஜியே உடம்பெல்லாம் பரவி ஆபத்தாகிவிடும். அதனால் குடும்பத்தில் யாருக்காவது பிறவி எதிர்ப்புசக்திக் குறை இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும்.

அடுத்தது தழும்பு நம்பிக்கை. எங்கள் மாமாவுக்கு ரெண்டு தழும்பு, பிறந்தபோது ஒன்று, 12 வயதில் பள்ளியில் ஒன்று (அந்த இரண்டாவது ஊசியை மலேசியாவில் 2001-இல் நிறுத்திவிட்டார்கள்). மூன்று வாரமாக இருமிக்கொண்டே சட்டைக் கையை மடித்து அதைக் காட்டுகிறார். பிசிஜி குழந்தைகளுக்கு வரும் மூளை உறை டிபி, உடம்பெங்கும் பரவும் டிபி இரண்டையும் நன்றாகத் தடுக்கும். பெரியவர்களின் நுரையீரல் டிபி விஷயத்தில் அதை நம்ப முடியாது. 1968-இல் தொடங்கி செங்கற்பட்டுப் பக்கம் லட்சக்கணக்கானவர்களை வைத்து நடந்த ஆய்வில், பெரியவர்களுக்கு நுரையீரல் டிபியிலிருந்து பாதுகாப்பே தெரியவில்லை. நம்மில் பலருடைய பாட்டன் பூட்டன் கப்பலேறி வந்த சீமை அது!

இனி சொல்லப்போகும் தவறை விஞ்ஞானிகளே செய்திருக்கிறார்கள், அதனால் நாம் வெட்கப்பட வேண்டாம்: இண்டர்பெரோன் காமா கூடினால் பாதுகாப்பும் கூடும் என்ற கணக்கு. அந்த இண்டர்பெரோன் காமா அறவே சுரக்காத எலிகள் டிபியில் சீக்கிரம் செத்துவிடும் என்பது 1993-லேயே தெரிந்துவிட்டது, ஆகவே கணக்கு சரியாகத்தான் தோன்றியது. எம்விஏ85ஏ என்ற புதிய தடுப்பூசி, அதைச் சுரக்கும் டி செல்களை நன்றாகத் தூண்டியது. தென் ஆப்பிரிக்காவில் பிசிஜி போட்ட 2,797 குழந்தைகளிடம் சோதித்து 2013-இல் முடிவு வந்தபோது, பிசிஜிக்கு மேல் சொல்லிக்கொள்ளும்படி எந்தப் பாதுகாப்பும் இல்லை. மணி பலமாக அடித்தது, வேலை நடக்கவில்லை. அதோடு, நுரையீரலில் இதே சமிக்ஞை அளவு மீறிப்போன எலிகளும் செத்தன, கிருமி தின்றதைவிட உடம்பின் ஆவேசமே நுரையீரலைக் கெடுத்தது. கத்திக்கொண்டே இருக்கும் மண்டோர் கீழே வேலை எப்படி ஓடும் என்று தோட்டத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும். 'போதும், அடங்கு' என்று சொல்ல இண்டர்லூக்கின் 10 இருக்கிறது. அதுவும் கூடிப்போனால் கிருமிக்குக் கொண்டாட்டம்.

எங்கே அடிக்கிறது என்பதும் முக்கியம். 2020-இல் வந்த ஒரு குரங்கு ஆய்வில் அதே பழைய பிசிஜியைத் தோலில் போடாமல் இரத்தக் குழாய் வழியே ஏற்றினார்கள். டி செல்கள் நுரையீரலிலேயே வந்து தங்கின, 10 குரங்குகளில் 9 தப்பின. உடனே யாரும் இரத்தக் குழாயில் போடச் சொல்லிக் கேட்காதீர்கள், மனிதர்களுக்கு அப்படிப் போடுவதில்லை.

இண்டர்பெரோன் காமா இன்னொரு குழப்பத்தையும் கிளப்புகிறது. வீட்டில் ஒருவருக்கு டிபி என்றால் மற்றவர்களுக்குச் சில இடங்களில் இரத்தம் எடுத்து, அதில் டிபி கிருமியின் புரதத்தைக் கலந்து, இண்டர்பெரோன் காமா எவ்வளவு வருகிறது என்று பார்ப்பார்கள். பாசிட்டிவ் என்றால் உங்கள் செல்கள் அந்தக் கிருமியை முன்பே பார்த்திருக்கின்றன, அவ்வளவுதான். நோய் வந்துவிட்டது என்று அழுவதும் தவறு, 'அப்போ எனக்கு எதிர்ப்புசக்தி இருக்கு' என்று மார்தட்டுவதும் தவறு. கையில் குத்தி வீக்கம் அளக்கும் பழைய டெஸ்ட்டை பிசிஜி குழப்பலாம், இந்த இரத்த டெஸ்ட்டைக் குழப்பாது, ஏனென்றால் இதில் சேர்க்கும் புரதங்கள் பிசிஜியில் இல்லை.

மருந்து சாப்பிடுகிறவர்கள் கவனிக்க. டிஎன்எப் என்ற சைட்டோகைன்தான் தூங்கும் கிருமியைச் சுற்றிச் செல்களால் கட்டிய வேலியைக் காக்கிறது. மூட்டு வாதத்துக்குக் கொடுக்கும் சில ஊசிகள் அதையே அடக்குபவை, அவற்றால் தூங்கிய டிபி எழுந்த கதை 2001-லேயே பதிவானது. ஆகவே முன்கூட்டியே டிபி சோதனை செய்துகொள்ள வேண்டும். ஸ்டீராய்டும் எதிர்ப்புசக்தியை அடக்கும், அதிலும் சந்தையில் வாங்கும் மூட்டுவலி ஜாமு மருந்து சிலவற்றில் அது ரகசியமாகக் கலந்திருக்கிறது என்று சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது.

எதிர்ப்புசக்தி பவுடருக்கு மாதம் நூறு வெள்ளி கொடுப்பவர்களுக்கு ஒரு தகவல். மங்கோலியாவில் 8,851 பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்று வருடம் வைட்டமின் டி கொடுத்துப் பார்த்தும் டிபி தொற்று குறையவில்லை. சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது அதைவிட உருப்படியான செலவு, இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு டிபி வரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு.

மாமாவுக்கும் இனிப்பு நீர் உண்டு. மறுநாள் காலை வண்டியில் ஏற்றி கிளினிக்குக் கூட்டிப் போனேன். சளி டப்பாவைக் கையில் கொடுத்த மிசியிடமும் சட்டைக் கையை மடித்தார், அவர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "ஆழமா இருமித் துப்புங்க அங்கிள்" என்றார்.