சேவை நாய், ஆறுதல் நாய்: எங்கே தவறு செய்கிறோம்?

சென்னையில் பெரம்பூர், கொளத்தூர் பக்கம் நாய் வளர்க்கிற சிலர், ‘சேவை நாய்’ என்று அச்சடித்த சட்டையை ஆன்லைனில் வாங்கி மாட்டிவிட்டால் எந்தக் கடைக்குள்ளும் கூட்டிப்போகலாம் என்று நம்புகிறார்கள். முதல் தவறே இதுதான். நாய்க்கு என்ன பயிற்சி கொடுத்திருக்கிறோம் என்பதுதான் கேள்வி.

குழப்பம் பெரும்பாலும் அமெரிக்க விதிகளை அரைகுறையாகப் படிப்பதால் வருகிறது. அங்கே, ஒருவரின் குறைபாட்டுக்கு உதவும் குறிப்பிட்ட வேலையைப் பழகிய நாய்தான் சேவை நாய். பார்வையற்றவருக்கு வழிகாட்டுவது, வலிப்பு வந்தால் ஆளைக் கூப்பிடுவது போன்ற வேலைகள். கூடவே இருந்து மனசுக்குத் தெம்பு தருவது மட்டும் என்றால் அது எமோஷனல் சப்போர்ட் விலங்கு, அதாவது ஆறுதல் நாய். அதை ஓட்டலுக்குள் விட வேண்டிய கட்டாயம் அங்குள்ள மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் இல்லை. விமான நிறுவனங்களும் 2021 ஜனவரியிலிருந்து அதைச் சேவை விலங்காக ஏற்க வேண்டியதில்லை. வாடகை வீட்டு விதி மட்டும் வேறு, அங்கே இதற்கும் இடமுண்டு.

அதற்காக, மனநலப் பிரச்சினைக்குச் சேவை நாயே கிடையாது என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பதற்றம் வரப்போவதை உணர்ந்து, அதைத் தணிக்கக் குறிப்பிட்ட ஒன்றைச் செய்யப் பழகிய நாய் சேவை நாய்தான். கண்ணுக்குத் தெரியாத குறைபாடு உள்ளவர்களைத்தான் நாம் அதிகம் சந்தேகப்படுகிறோம். எனக்கு இது பெரிய வருத்தம்.

சரி, நம்ம ஊரில்? 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சேவை நாயைத் தனியாக வரையறுக்கவில்லை. ஆனால் பாகுபாடு கூடாது, நியாயமான வசதி செய்துதர வேண்டும் என்கிறது. அதனால் பார்வையற்றவரோடு வரும் வழிகாட்டி நாயை ‘நாய்க்கு அனுமதியில்லை’ என்ற பலகையைக் காட்டித் தடுக்காதீர்கள், கடைக்காரர்களே. தடுக்கப்பட்டவர் மாநில மாற்றுத்திறனாளிகள் ஆணையரிடம் புகார் கொடுக்கலாம்.

அடுக்குமாடியில் இருப்பவர்கள் நாய் வளர்ப்பதற்காக, அது ஆறுதல் நாய் என்று பொய்க் கடிதம் வாங்கவே தேவையில்லை. குடியிருப்போர் சங்கம் செல்லப்பிராணிகளுக்குத் தடை போட முடியாது என்று விலங்கு நல வாரியம் 2015-லேயே சொல்லிவிட்டது. மாநகராட்சி உரிமமும் ரேபிஸ் தடுப்பூசியும் மட்டும் எந்த நாய்க்கும் வேண்டும்.

அப்புறம், வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு நெரிசலில் வழிகாட்டி நாயைப் பார்த்தால் தொடாதீர்கள், பிஸ்கட் நீட்டாதீர்கள். அதன் கவனம் சிதறினால் கூட வருபவர் தடுமாறி விழலாம். உதவ நினைத்தால் நாயை விட்டுவிட்டு அவரிடம் பேசுங்கள்.