செடி வளர்க்கும் மீன் தொட்டியில் டிஸ்கஸ் விடுவதற்கு முன்

டிஸ்கஸ் அமேசான் ஆற்றுப் படுகை மீன். வெதுவெதுப்பான, சற்றே அமிலத்தன்மையுள்ள மென்னீரில் (கரைந்த உப்புகள் குறைந்த தண்ணீரில்) கூட்டமாக வாழ்வது. அதனால் ரெண்டு மீன் மட்டும் வாங்காதீர்கள், வலுத்தது மெலிந்ததை விரட்டி விரட்டியே சாப்பிட விடாது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம், அதாவது சுமார் 250 லிட்டர் தொட்டி இருந்தால் ஐந்தாறு மீன் தாராளம்.

முதலில் செடி. தண்ணீர் 28–30 டிகிரி இருக்க வேண்டும் என்பதால் எல்லாச் செடியும் தாங்காது. அமேசான் ஸ்வோர்ட், அனுபியாஸ், ஜாவா ஃபெர்ன் தாங்கும். ஃபில்டரை ஓடவிட்டு நாலிலிருந்து ஆறு வாரம் பொறுங்கள், மீனுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யம் என்று டெஸ்ட் கிட் காட்டிய பிறகுதான் மீன்.

அப்புறம் துணைக்குச் சின்ன மீன்களாக கார்டினல் டெட்ரா ஒரு பதினைந்து, ஸ்டெர்பை கோரிடோரஸ் ஆறு விடலாம், ரெண்டும் இந்தச் சூட்டைத் தாங்கும். ஏஞ்சல் மீன் வேண்டவே வேண்டாம், வெளியே தெரியாத ஒட்டுண்ணியைக் கொண்டுவரலாம்.

டிஸ்கஸை மொத்தமாக, ஒரே கடையில் வாங்குங்கள். சென்னைக்காரர்களுக்கு வண்ணமீன் கடைகள் நிறைந்த கொளத்தூர் இருக்கிறது. குட்டியை எடுக்காதீர்கள், அதற்கு ஒரு நாளைக்குப் பலமுறை தீனி, அடிக்கடி தண்ணீர் மாற்றம் என்று செடித் தொட்டியில் சமாளிப்பது கஷ்டம். நாலு அங்குலத்துக்கு மேல் வளர்ந்த, வட்டமான, கடைக்காரர் தீனி போட்டதும் பாய்ந்து வருகிற மீனாகப் பாருங்கள். கறுத்துப்போய் மூலையில் நிற்பதை, விலை குறைத்தாலும் எடுக்க வேண்டாம்.

வாரம் ஒருமுறையாவது பாதித் தண்ணீர் மாற்றுங்கள், குழாய்த் தண்ணீரில் குளோரின் நீக்கியைக் கலந்து, சூட்டைச் சரிபார்த்த பிறகு ஊற்றுங்கள்.