பழைய வேகப்படகுக்கு ஸ்டெர்ன்டிரைவ்: இன்ஜினை முதலில் வாங்காதீர்கள்

மயாமியில் டான் அரொனோவ் தொடங்கிய டான்ஸி, மேக்னம், சிகரெட் பட்டறைகளின் படகுகளும், அவற்றின் வழியில் 1980களில் வந்த மற்ற அமெரிக்க வேகப்படகுகளும் இன்றும் புதுப்பிக்கப்படுகின்றன. ஃபைபர்கிளாஸ் உடம்பு கெட்டியாக இருந்தால் போதும், உள்ளே இருப்பதையெல்லாம் எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம். அப்படிக் கட்டுகிறவர்கள் பணத்தில் பெரும்பகுதியை இன்ஜினில் போட்டுவிட்டு, மிச்சத்தில் கிடைக்கிற ஸ்டெர்ன்டிரைவை, அதாவது படகின் பின்புறம் வெளியே தொங்கி இன்ஜினின் சக்தியை ப்ரொப்பெல்லருக்குக் கொண்டுபோகும் கியர் பகுதியை, மாட்டிக்கொள்கிறார்கள். பின்னால் வரும் தொல்லைகளில் பாதி இங்கேதான் தொடங்குகிறது. படகின் எடை எவ்வளவு, என்ன வேகம் வேண்டும், ஏரியா கடலா என்று பார்த்து டிரைவை முதலில் முடிவு செய்யுங்கள். அது தாங்கும் இன்ஜின் எது என்பது அப்புறம்.

குதிரைத்திறன் எண்ணை மட்டும் பார்த்து டிரைவ் வாங்குவதும் தவறுதான். மெர்க்குரி நிறுவனத்தின் மெர்குரூசர் வரிசையில் ஆல்ஃபா ஒன் டிரைவ் சுமார் 300 குதிரைத்திறனுக்கு உரியது. பிராவோ ஒன் அதைவிடக் கெட்டி. ஆனாலும் மெர்க்குரி தன் 525 குதிரைத்திறன் இன்ஜினுக்குச் சாதாரண பிராவோவைக் கொடுக்கவில்லை, கியர்கள் வலுவூட்டப்பட்ட எக்ஸ்ஆர் வகையைக் கொடுத்தது. நேராக ஓடும்போது டிரைவ் பெரும்பாலும் உடைவதில்லை. அலைமேல் படகு எகிறும்போது ப்ரொப்பெல்லர் காற்றில் வெறுமனே சுழன்று வேகமெடுக்கிறது. திரும்பத் தண்ணீரைக் கவ்வும் நொடியில் அந்த அடி முழுவதும் கியர் பற்களில் இறங்குகிறது. 22 அடி லேசான படகில் வருடக்கணக்கில் உழைத்த டிரைவ், அதே இன்ஜினோடு 30 அடி கனமான படகில் சீக்கிரமே பல்லை இழக்கலாம். கடலில் ஓட்டப்போகிறவர்கள் டிரைவின் தாங்குதிறனில் கொஞ்சம் மிச்சம் வைத்தே வாங்க வேண்டும்.

பழைய டிரைவை எடுத்துவிட்டுப் புதியதை அதே ஓட்டையில் மாட்டிவிடலாம் என்ற நம்பிக்கையைப் பற்றி விரிவாகவே சொல்ல வேண்டும். 80களின் பெரிய படகுகள் பலவற்றில் மெர்குரூசர் டிஆர்எஸ் என்ற டிரைவ் இருந்தது. அதில் கியர் மாறுவது டிரைவுக்குள் அல்ல, இன்ஜினுக்கும் டிரைவுக்கும் நடுவே உள்ள தனி டிரான்ஸ்மிஷனில். பிராவோ வந்த பிறகு டிஆர்எஸ் நின்றுபோனது. உதிரிபாகம் தேடி அலுத்தவர்கள் பிராவோவுக்கு மாறுகிறார்கள், அது நியாயமான முடிவுதான். ஆனால் நடுவிலிருந்த டிரான்ஸ்மிஷன் போனதும் இன்ஜின் பின்னால் நகர்கிறது, படகின் எடை மையமும் கூடவே நகர்கிறது. படகு மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பும், வேகத்தில் மூக்கு மேலும் கீழுமாக ஆடவும் கூடும். ட்ரான்ஸம் எனும் பின்பலகையில் பழைய வெட்டும் பொருந்தாது.

அதைவிட முக்கியம் எக்ஸ் அளவு. பின்பலகையில் வி அடிப்பாகத்தின் முனையிலிருந்து இன்ஜினின் கிராங்க்ஷாஃப்ட் (சுழலும் முதன்மைத் தண்டு) மையம்வரை உள்ள உயரம் அது. இது தாழ்ந்தால் டிரைவ் ஆழத்தில் கிடந்து தண்ணீரை இழுத்துக்கொண்டே போகும். அளவுக்கு மீறி ஏறினால் ப்ரொப்பெல்லர் காற்றை இழுத்துப் பிடி விட்டுவிடும். அதனால் பழைய இன்ஜினைக் கழற்றும் முன்பே இதை அளந்து எழுதி வையுங்கள். கழற்றிய பிறகு அளக்க எதுவும் மிஞ்சாது.

ஓஎம்சி நிறுவனத்தின் பழைய ஸ்ட்ரிங்கர் வகை டிரைவை மாற்றுவதென்றால் வேலை இன்னும் பெரிது. அந்த டிரைவின் பாரத்தைப் பின்பலகை தாங்குவதில்லை, உள்ளே படகின் நீளவாக்கில் ஓடும் ஸ்ட்ரிங்கர்கள் எனும் உத்திரங்கள் தாங்குகின்றன. பின்பலகையில் பெரிய ரப்பர் சீலோடு ஒரு பெரிய ஓட்டை மட்டும் இருக்கும். அதை அடைத்து, பலகையையே புதிதாகக் கட்டினால்தான் வேறு டிரைவ் ஏறும். எந்த டிரைவானாலும் பின்பலகைக்குள் உள்ள ப்ளைவுட் ஊறியிருக்கிறதா என்று துளை போட்டுப் பாருங்கள். ஈரமான தூளோ கறுத்த தூளோ வந்தால் டிரைவ் பேச்சை நிறுத்திவிட்டுப் பலகையைச் சரிசெய்யுங்கள். மெர்குரூசருக்குப் பின்பலகை 2 முதல் 2¼ அங்குலத் தடிமனில், உள்ளும் புறமும் இணையாக இருக்க வேண்டும்.

கியர் விகிதத்தை, அதாவது ப்ரொப்பெல்லர் ஒரு சுற்று சுற்ற இன்ஜின் எத்தனை சுற்று சுற்ற வேண்டும் என்பதை, ஊகத்தில் எடுக்காதீர்கள், கணக்கு எளிது. இன்ஜின் 5000 ஆர்பிஎம், ப்ரொப்பெல்லர் 26 அங்குல பிட்ச் (வழுக்கல் இல்லாவிட்டால் ஒரு சுற்றில் முன்னேறும் தூரம்), 1.5 விகிதம் என்று வையுங்கள். 5000-ஐ 26-ஆல் பெருக்கி, 1.5-ஆலும், நிமிடத்துக்கு அங்குலத்தை மணிக்கு மைலாக மாற்றும் 1056-ஆலும் வகுத்தால் 82. வழுக்கலுக்குப் பத்து சதவீதம் கழித்தால் மணிக்குச் சுமார் 74 மைல். விகிதத்தை 1.36 ஆக்கினால் இதே கணக்கு, வழுக்கலைக் கழித்த பிறகு, சுமார் 81 வரும், காகிதத்தில். இன்ஜினால் அந்தப் பாரத்தை இழுத்து 5000-ஐத் தொட முடியாவிட்டால் படகு முன்பைவிட மெதுவாகத்தான் போகும்.

பழைய டிரைவ் வாங்கினால் ஸ்டிக்கரில் உள்ள விகிதத்தை நம்ப வேண்டாம். மேல் பாதி வேறு, கீழ்ப் பாதி வேறு என்று சேர்த்து மாட்டியவை சந்தையில் நிறைய. கியரில் போட்டு, ப்ரொப்பெல்லர் ஷாஃப்டில் சாக்பீஸ் கோடு போட்டு, அது பத்துச் சுற்று சுற்றும்வரை முன்பக்க ஷாஃப்டைக் கையால் திருப்புங்கள். பதினைந்து சுற்று ஆனால் 1.5, பதின்மூன்றரைக்குச் சற்று மேல் ஆனால் 1.36. கீழே உள்ள எண்ணெய்த் திருகைக் கழற்றி எண்ணெயையும் பாருங்கள். பால் கலந்ததுபோல் வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. திருகின் நுனியில் உள்ள காந்தத்தில் மெல்லிய கரும்பசை ஒட்டியிருப்பது சாதாரணம். விரலில் குத்தும் துணுக்குகள் இருந்தால் அந்த டிரைவை விட்டுவிடுங்கள்.

ஆல்ஃபாவிலிருந்து பிராவோவுக்கு மாறுகிறவர்கள் மறப்பது தண்ணீர் பம்பை. ஆல்ஃபாவில் அது டிரைவுக்குள்ளேயே இருக்கிறது. பிராவோவுக்கு இன்ஜினில் தனியாகப் பொருத்தியாக வேண்டும், அதற்கான செலவையும் இடத்தையும் முதலிலேயே ஒதுக்குங்கள்.

புது டிரைவைப் பழைய கிம்பல் ரிங்கில் (டிரைவைத் தாங்கி இடவலமாகத் திருப்பும் வளையம்) தொங்கவிடுவதுதான் எனக்குப் பெரிய பயம். டிரைவின் அடித் துடுப்பைப் பிடித்து இடவலமாக ஆட்டிப் பாருங்கள். ஸ்டியரிங் சக்கரம் அசையாமல் டிரைவ் மட்டும் ஆடினால் ரிங்கும் ஸ்டியரிங் ஷாஃப்டும் தேய்ந்துவிட்டன. மணிக்கு 70 மைலில் அந்த ஆட்டம் படகையே திருப்பிப் போடும். இந்த வேகத்துக்குப் போகிற படகில் அவற்றைப் புதிதாக மாற்றி, வெளிப்புற ஹைட்ராலிக் ஸ்டியரிங்கும் போட்ட பிறகே தண்ணீரில் இறக்குங்கள்.