கார் டி-செல் சிகிச்சைன்னு டாக்டர் சொல்லிட்டாரா? கூட இருக்கறவங்க என்னென்ன கேக்கணும், என்னென்ன பாக்கணும்

வீட்ல ஒருத்தருக்கு லிம்ஃபோமா இல்லன்னா லுக்கேமியா, ரெண்டுமே ரத்தக் கேன்சர் வகை, கீமோ எல்லாம் முடிஞ்சு நல்லாயிட்டாங்கன்னு நெனச்ச நேரத்துல திரும்ப வந்துருச்சு, இப்ப டாக்டர் "கார் டி-செல் யோசிக்கலாம்"னு சொல்லிருக்காரு, நெட்ல தேடினா ஒருத்தர் அதிசயம்ங்கறாரு, இன்னொருத்தர் அரைக் கோடி ஆகும்ங்கறாரு. இந்த எடத்துல நிக்கறவங்களுக்காக எழுதுறேன். நான் டாக்டர் இல்ல, எங்க சித்தப்பாவுக்கு கூட இருந்து பாத்தவன், அதுக்காக நிறைய படிச்சவன். மருந்து முடிவு உங்க ஹீமட்டாலஜிஸ்ட், அதாவது ரத்த நோய் டாக்டர் கையில, ஆனா சரியான நேரத்துல சரியான கேள்வி கேக்கறது நம்ம கையில இருக்கு, அது சின்ன விஷயமே இல்ல.

முதல்ல இது என்னன்னு சுருக்கமா. நோயாளியோட ரத்தத்துல இருந்தே டி-செல்னு சொல்ற வெள்ளையணுக்களை எடுத்து, லேப்ல ஒரு வைரஸ் மூலமா அதுக்குள்ள ஒரு புது ஜீனை ஏத்தி, கேன்சர் செல்லோட மேல இருக்கற ஒரு அடையாளத்தை அது கண்டுபிடிக்கற மாதிரி மாத்தி, கோடிக்கணக்குல பெருக்கி, திரும்ப அவங்களுக்கே ஏத்தறாங்க. பெரும்பாலும் அந்த அடையாளம் சிடி19, பி-செல்ங்கற இன்னொரு வகை வெள்ளையணுல வர்ற லிம்ஃபோமாவுக்கும் லுக்கேமியாவுக்கும் அதான். மைலோமாங்கற இன்னொரு ரத்தக் கேன்சருக்கு பிசிஎம்ஏன்னு வேற அடையாளம். அதனால பயாப்சி ரிப்போர்ட்ல "பி-செல்"னு இருக்கா, சிடி19 பாசிட்டிவா இருக்கான்னு மொதல்ல கேளுங்க.

சொந்தக்காரங்க யாராவது "என் மச்சினனுக்கு வயித்துல கேன்சர், அவனுக்கும் இத குடுக்கலாமா"ன்னு கேப்பாங்க. இன்னைக்கு தேதிக்கு கட்டி கேன்சர்ல இது வழக்கமான சிகிச்சை ஆகல. கட்டிக்குள்ள டி-செல் நுழையறதே கஷ்டம், நுழைஞ்சாலும் அங்க இருக்கற சூழல் அதை முடக்கிப் போட்டுரும், அதுபோக அந்த அடையாளம் நல்ல உறுப்புலயும் இருந்தா அதையும் தாக்கிரும். முன்னேற்றம் இல்லாம இல்ல, அமெரிக்காவுல 2024ல மெலனோமாங்கற தோல் கேன்சருக்கு கட்டிக்குள்ளேர்ந்தே டி-செல் எடுத்துப் பெருக்கித் தர்ற சிகிச்சைக்கும், ஒரு அரிய வகை சார்கோமாவுக்கு ஜீன் மாத்துன டி-செல்லுக்கும் அனுமதி குடுத்தாங்க. ஆனா இங்க வயித்துக் கேன்சருக்கு பணம் வாங்கிட்டு "செல் தெரபி" தர்றேன்னு ஒருத்தர் சொன்னா ரொம்ப யோசிக்கணும், அதைப் பத்தி கடைசில சொல்றேன்.

இப்ப முக்கியமான விஷயம். நிறைய பேர் எல்லா கீமோவையும் பாத்துட்டு கடைசியா இங்க வர்றாங்க. அது தப்பான வரிசை, ஏன்னா இந்த மருந்தோட மூலப்பொருளே நோயாளியோட டி-செல்தான், ஒவ்வொரு கீமோவும் அதை அடிச்சு சோர்வாக்கிட்டேதான் இருக்கு. நோய் திரும்புன உடனேயே, அடுத்த கீமோ ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே, "கார் டி-க்கு வாய்ப்பு இருந்தா இப்பவே அந்த சென்டர்ல ஒரு ஒப்பீனியன் வாங்கலாமா"ன்னு கேட்டுருங்க. குறிப்பா பெண்டாமஸ்டின்னு ஒரு மருந்து, லிம்ஃபோமாவுக்கு சாதாரணமா குடுக்கறதுதான், ஆனா செல் எடுக்கறதுக்கு முன்னாடி அதை குடுத்துட்டா டி-செல் தரம் ரொம்ப பாதிக்கும், அதே மாதிரி ஸ்டீராய்டும் எத்தனை நாள் முன்னாடி நிறுத்தணும்னு சென்டருக்கு சென்டர் ஒரு கணக்கு இருக்கு. எது குடுக்கறதா இருந்தாலும் "செல் எடுக்கறதுக்கு இது எடைஞ்சலா?"ன்னு ஒரே ஒரு கேள்வி கேளுங்க. எனக்குத் தெரிஞ்சு இந்த மொத்த பயணத்துலயும் இதைவிட பெரிய கேள்வி கெடையாது.

இந்தியாவுல எங்க கெடைக்கும்? 2023 அக்டோபர்ல நெக்ஸ்கார்19ங்கற கார் டி மருந்துக்கு அனுமதி கெடைச்சுது, ஐஐடி பாம்பேல பேராசிரியர் ராகுல் புர்வார் குழு ஆரம்பிச்சு, டாடா மெமோரியல் டாக்டர்களோட சேந்து ட்ரையல் நடத்தி, இம்யூனோஆக்ட் கம்பெனி மூலமா வந்தது. 15 வயசு, அதுக்கு மேல உள்ளவங்களுக்கு, பி-செல் லிம்ஃபோமாவும் பி-செல் லுக்கேமியாவும் திரும்ப வந்திருந்தா அல்லது மருந்துக்கு மசியலன்னா. பெங்களூரு இம்யூனீல் கம்பெனியோட கார்டெமிங்கற கார் டி மருந்து 2025 ஜனவரில வந்துச்சு, பார்சிலோனாவுல உருவான தொழில்நுட்பத்துல லிம்ஃபோமாவுக்கு செஞ்சது. நம்ம வேலூர் சிஎம்சில இன்னொரு வழி பாத்துருக்காங்க, செல்லை வெளிய ஃபேக்டரிக்கு அனுப்பாம ஆஸ்பத்திரிக்குள்ளயே மெஷின்ல சுமார் 9 நாள்ல தயார் பண்ணி, ஃப்ரீஸ் பண்ணாம அப்படியே ஏத்தறது, மத்திய அரசோட மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலான ஐசிஎம்ஆர் ஆதரவோட ட்ரையலா நடத்துனாங்க. எனக்கு இதுல இருக்கற நம்பிக்கை ரொம்ப பெருசு, ஏன்னா நம்ம ஊர் நோயாளிக்கு நாளும் காசும்தான் எதிரி, இது ரெண்டையும் கொறைக்குது. 15 வயசுக்கு கீழ குழந்தைங்களா இருந்தா ட்ரையல் எங்க நடக்குதுன்னு கேளுங்க.

"எத்தனை பர்சென்ட் வேலை செய்யும்"னு கேட்டா நெக்ஸ்கார்19 ட்ரையல்ல 73 சதவீதம் பேருக்கு நோய் கொறைஞ்சுதுன்னு 2025ல வெளியான ஆய்வு சொல்லுது. கவனிங்க, கொறைஞ்சுதுன்னுதான், குணமாச்சுன்னு இல்ல. அதுல கொஞ்ச பேருக்கு திரும்ப வந்துருக்கு. டாக்டர்கிட்ட கேக்கும்போது "ரெஸ்பான்ஸ் எவ்வளவு"ங்கறதோட "ஒரு வருஷம் கழிச்சு நோய் இல்லாம இருந்தவங்க எவ்வளவு"ன்னும் சேத்து கேளுங்க.

பணம். 2017ல அமெரிக்காவுல முதல் கார் டி மருந்து வந்தப்ப விலை 4,75,000 டாலர். இங்க மருந்துக்கு மட்டும் சுமார் 40 லட்சத்தை ஒட்டி வரும், அதுக்கு மேல ஐசியு, ஆன்ட்டிபயாட்டிக், ரத்தம், பிளேட்லெட், பக்கத்துல ரூம் வாடகைன்னு தனியா ஓடும். அதனால எஸ்டிமேட் கேக்கும்போது "மருந்து விலை தவிர மீதி எவ்வளவு, காம்ப்ளிகேஷன் வந்தா எவ்வளவு வரை போகும், செல் தயாரிப்பு ஃபெயில் ஆனா பணம் என்ன ஆகும்"னு மூணையும் எழுத்துல வாங்குங்க. தனியார் இன்ஷூரன்ஸ் இருந்தா பாலிசில நவீன சிகிச்சைக்கு தனி வரம்பு வச்சிருப்பாங்க, அந்தப் பக்கத்தை மொதல்லயே படிச்சுருங்க. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம்ங்கறதால முழுசா தாங்காது, பிரதமர் நிவாரண நிதிக்கு மனு, ஆஸ்பத்திரி சோஷியல் வொர்க்கர், கம்பெனியோட உதவித் திட்டம்னு எல்லா கதவையும் ஒரே நேரத்துல தட்டணும், ஒண்ணு முடிஞ்சு ஒண்ணுன்னு போனா நோய் நமக்காக காத்திருக்காது. 2024 டிசம்பர்ல ஜிஎஸ்டி கவுன்சில் ஜீன் தெரபிக்கு வரி விலக்கு குடுத்துச்சு, பில்லுல அது எப்படி வருதுன்னு கேட்டுக்கோங்க.

அடுத்து டெஸ்டுங்க. எக்கோ, கிட்னி, லிவர் எல்லாம் அவங்களே பாப்பாங்க. நீங்க விடாம பாக்க வேண்டியது ரெண்டு, ஹெபடைட்டிஸ் பியும் டிபியும். நம்ம நாட்டுல ரெண்டும் உடம்புக்குள்ள சத்தமில்லாம தூங்கிட்டு இருக்கறவங்க நிறைய, எதிர்ப்பு சக்தி எறங்குன உடனே எந்திரிச்சுக்கும். பழைய டிபி ஹிஸ்டரி இருந்தா மறைக்காம சொல்லிருங்க. கல்யாணம் ஆகாத, குழந்தை பெத்துக்க ஆசை இருக்கற வயசா இருந்தா விந்தணுவோ கருமுட்டையோ சேமிக்கறதைப் பத்தி இப்பவே பேசுங்க, நம்ம வீடுகள்ல வெக்கப்பட்டு இதை யாருமே கேக்கறதில்ல.

செல் எடுக்கற நாள் பயப்பட ஒண்ணும் இல்ல, டயாலிசிஸ் மாதிரி ஒரு மெஷின், ஒரு கைல ரத்தம் போகும், வெள்ளையணுவை மட்டும் பிரிச்சுட்டு மறு கைல திரும்ப வரும், நரம்பு சரியில்லன்னா கழுத்துல லைன் போடுவாங்க, சில மணி நேரம் படுத்திருக்கணும். நடுவுல ஒதடும் விரல் நுனியும் குறுகுறுன்னு வந்தா உடனே நர்ஸ்கிட்ட சொல்லச் சொல்லுங்க, ரத்தம் உறையாம இருக்க போடற மருந்து கால்சியத்தை கொறைக்கும், கால்சியம் குடுத்தா சரியாயிரும். சித்தப்பா மரியாதைக்காக சொல்லாம பல்லைக் கடிச்சுட்டு இருந்தாரு, அப்படி இருக்க விடாதீங்க.

அப்புறம் காத்திருப்பு. தயாரிப்பு முடிஞ்சு, தரப் பரிசோதனை முடிஞ்சு வர்றதுக்கு வாரக்கணக்குல ஆகும், அந்த நேரத்துல நோய் ஏறாம இருக்க பிரிட்ஜிங்னு லேசா கீமோவோ ரேடியேஷனோ குடுப்பாங்க. செல் வந்ததும் ஃப்ளுடராபின், சைக்ளோபாஸ்பமைடு ரெண்டும் சேத்து மூணு நாள் மாதிரி குடுத்து புது செல்லுக்கு எடம் ஒதுக்குவாங்க. செல் ஏத்தற நாள் ஒரு சின்ன பை, கொஞ்ச நேரத்துல முடிஞ்சுரும், "இவ்வளவுதானா"ன்னு இருக்கும்.

உண்மையான வேலை அதுக்கப்புறம்தான். முதல் ரெண்டு வாரத்துல ரெண்டு ஆபத்து. ஒண்ணு சிஆர்எஸ், டி-செல் வேலை ஆரம்பிச்சு உடம்பு பூரா அழற்சி கெளம்பறது, காய்ச்சல்ல ஆரம்பிக்கும், பிரஷர் எறங்கும், ஆக்சிஜன் கொறையும். 2012ல ஃபிலடெல்ஃபியால எமிலி வைட்ஹெட்ங்கற சின்னப் பொண்ணு, உலகத்துலயே இந்த சிகிச்சை எடுத்த முதல் லுக்கேமியா குழந்தை, இதுலதான் சாவோட விளிம்பு வரைக்கும் போனா. அப்ப டாக்டர் கார்ல் ஜூனுக்கு மூட்டுவாதத்துக்கான டோசிலிசுமாப்ங்கற மருந்து தெரிஞ்சிருந்துச்சு, அவரோட மகளுக்கே அந்த வகை நோய் இருந்ததால. அதை குடுத்ததும் பொழைச்சுட்டா, இன்னைக்கு வளந்த பொண்ணு. அன்னைலேர்ந்து அந்த மருந்து கைவசம் இல்லாம யாரும் இதை பண்றதில்ல, உங்க ஆஸ்பத்திரில ஸ்டாக் இருக்கான்னு நீங்களும் கேளுங்க, தப்பில்ல.

ரெண்டாவது மூளை சம்பந்தப்பட்டது, ஐகான்ஸ்னு சொல்வாங்க. இங்கதான் அட்டெண்டர் கண்ணு வேணும். நர்ஸ் தெனமும் வந்து இது என்ன வருஷம், என்ன மாசம், எந்த ஊரு, எந்த ஆஸ்பத்திரின்னு கேப்பாங்க, மூணு பொருளைக் காட்டி பேர் சொல்லச் சொல்வாங்க, நாக்கை நீட்டுங்கன்னு ஒரு வேலை சொல்வாங்க, 100லேர்ந்து பத்து பத்தா கொறைச்சு எண்ணச் சொல்வாங்க, ஒரு வாக்கியம் எழுதச் சொல்வாங்க. மொத்தம் 10 மார்க். தமிழ்ல எழுதப் பழகுனவங்களை தமிழ்லயே எழுத விடச் சொல்லுங்க, எல்லா நாளும் ஒரே நோட்ல. சித்தப்பா தெனமும் "என் பெயர்"னு ஆரம்பிச்சு ஊர் பேரோட முடிப்பாரு, ஒரு நாள் காலைல கோடு தாண்டி எழுத்து சரிஞ்சு போச்சு, ஊர் பேரே வரல, பேச்சு மட்டும் நல்லாத்தான் இருந்துச்சு. நோட்டைப் பாத்துதான் நர்ஸ் டாக்டரைக் கூப்பிட்டாங்க, அன்னைக்கே ஸ்டீராய்டு ஆரம்பிச்சாங்க, சில நாள்ல எழுத்து நேராச்சு. பேச்சுல தடுமாற்றம், கை நடுக்கம், காரணமில்லாம தூங்கிட்டே இருக்கறது, எதுவா இருந்தாலும் "டயர்டா இருக்காங்க போல"ன்னு நீங்களே முடிவு பண்ணாதீங்க.

டிஸ்சார்ஜ் ஆனதும் ஊருக்கு ஓடக்கூடாது. கொஞ்ச வாரம் ஆஸ்பத்திரி பக்கத்துலயே தங்கணும், எவ்வளவு நாள்னு சென்டர் சொல்லும். அமெரிக்காவுல 2025ல இந்தக் கட்டுப்பாட்டை தளர்த்தி, பக்கத்துல தங்கறதும் வண்டி ஓட்டாம இருக்கறதும் ரெண்டு வாரம்னு கொறைச்சாங்க, ஆனா அங்க ராத்திரி ரெண்டு மணிக்கு எந்த எமர்ஜென்சிக்கு போனாலும் இதைத் தெரிஞ்சவங்க இருப்பாங்கன்னு ஒரு நெனப்பு, நம்ம ஊர்ல அப்படி இல்லாததால நான் அதிகமா தங்கறதுதான் நல்லதும்பேன். 100.4 டிகிரி காய்ச்சல் வந்தா டோலோ போட்டு காலைல பாக்கலாம்ங்கற பேச்சே வேண்டாம், உடனே ஃபோன். உள்ளூர் கிளினிக்ல ஊசி போடறதா இருந்தாலும், "இவருக்கு கார் டி-செல் ஏத்திருக்கு, எங்க டாக்டர்கிட்ட பேசாம எதுவும் குடுக்காதீங்க"ன்னு சென்டர் நம்பரோட ஒரு அட்டை பர்ஸ்ல இருக்கட்டும். ரத்தமோ பிளேட்லெட்டோ ஏத்தணும்னா கதிர்வீச்சு பண்ணுன ரத்தமான்னு கேளுங்க.

மாசக்கணக்குல ரத்த அணு கொறைவாவே இருக்கலாம், பி-செல் எல்லாம் போயிட்டதால அடிக்கடி சளி, நிமோனியா வரலாம், அதுக்கு இம்யூனோகுளோபுலின்ங்கற எதிர்ப்பு சக்திப் புரதம் ஏத்த வேண்டி வரும், அதுவும் செலவு, முன்னாடியே கணக்குல வைங்க. தடுப்பூசி எல்லாம் திரும்ப எப்ப போடலாம்னு கேளுங்க. ஒரு மாசம், மூணு மாசத்துல பெட் ஸ்கேன் இல்லன்னா மேரோ (எலும்பு மஜ்ஜை) டெஸ்ட் இருக்கும். சிலருக்கு கேன்சர் செல் அந்த சிடி19 அடையாளத்தையே தொலைச்சுட்டு திரும்ப வரும், அப்ப அதே மருந்து வேலை செய்யாது. லுக்கேமியாவுல சிலருக்கு இதுக்கப்புறம் எலும்பு மஜ்ஜை மாற்று சொல்வாங்க, அதனால வீட்ல உள்ளவங்க மஜ்ஜை பொருந்துதான்னு பாக்கற எச்எல்ஏ டெஸ்டை முன்னாடியே எடுத்து, மேட்ச் இல்லன்னா தாத்ரி மாதிரி டோனர் பதிவேட்டுல தேடச் சொல்லி வைக்கறது நல்லது. அபூர்வமா மாத்துன டி-செல்லே கேன்சரா மாறுன கேஸும் உண்டு, 2024ல அமெரிக்க மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ அதுக்கு எச்சரிக்கை போட்டுச்சு, அதனால செக்கப் ஆயுசுக்கும்.

கேன்சர் இல்லாத ரத்த நோய்க்காரங்களும் கேக்கறாங்க. தலசீமியா, சிக்கிள் செல்லுக்கு ஸ்டெம் செல்லோட ஜீனை கிறிஸ்பர்ங்கற வெட்டித் திருத்தற முறைல மாத்தித் தர்ற காஸ்ஜெவி மருந்துக்கு 2023 கடைசில பிரிட்டன்ல ரெண்டு நோய்க்கும் அனுமதி வந்துச்சு, அமெரிக்காவுல 2023 டிசம்பர்ல சிக்கிள் செல்லுக்கும் 2024 ஜனவரில தலசீமியாவுக்கும் வந்துச்சு, விலை நமக்கு எட்டாத தூரம். ரத்தம் சரியா உறையாத ஹீமோஃபீலியா ஏ-வுக்கு சிஎம்சி வேலூர்ல டாக்டர் அலோக் ஸ்ரீவஸ்தவா குழு அஞ்சு பேருக்கு, அவங்க சொந்த ஸ்டெம் செல்லுலயே ஜீனை ஏத்தி குடுத்தாங்க, அதுக்கப்புறம் கண்காணிச்ச காலத்துல அவங்களுக்கு ரத்தக்கசிவு நின்னுருச்சு, 2024 டிசம்பர்ல அது பிரசுரமாச்சு. நீலகிரி பழங்குடி குடும்பங்கள்ல சிக்கிள் செல் நிறைய இருக்கற மாநிலம் நம்மளது, இந்த வேலை இங்கயே நடக்கணும், அரசு காசு இதுல எறங்கணும்.

கடைசில சொல்றேன்னு சொன்ன விஷயம். "இம்யூன் செல் தெரபி", "என்கே செல்", "டென்ட்ரிடிக் வேக்சின்", "ஸ்டெம் செல்"னு எல்லா கேன்சருக்கும் ஒரே பேக்கேஜ் விக்கற கிளினிக்குங்க இருக்கு. அவங்ககிட்ட நாலு கேள்வி போதும்: இந்தப் பொருளுக்கு சிடிஎஸ்சிஓ, அதாவது மத்திய மருந்து கட்டுப்பாட்டு அமைப்போட அனுமதி இருக்கா, எந்த நோய்க்கு? ட்ரையல்னா சிடிஆர்ஐங்கற இந்திய ட்ரையல் பதிவேட்டுல பதிவு எண் என்ன? எதிக்ஸ் கமிட்டி எது? ஐசியுவும் டோசிலிசுமாபும் அதே கட்டடத்துல இருக்கா? சிடிஆர்ஐ தளத்துல எண்ணைப் போட்டா எந்த ஆஸ்பத்திரி, யாரு பொறுப்புன்னு நீங்களே பாக்கலாம். முறையான ட்ரையல்ல பரிசோதனை மருந்துக்கு நோயாளிகிட்ட லட்சக்கணக்குல கேக்கறது வழக்கம் இல்ல, ட்ரையலால பாதிப்பு வந்தா இலவச சிகிச்சையும் நஷ்ட ஈடும் 2019 விதிகள்லயே இருக்கு. ஒப்புதல் படிவத்தை தமிழ்ல கேளுங்க, வீட்டுக்கு கொண்டு போய் ராத்திரி உக்காந்து படிங்க, புரியாத எடத்துல பேனால கோடு போட்டுட்டு மறுநாள் டாக்டர் முன்னாடி அதைத் திறந்து வச்சு ஒண்ணொண்ணா கேளுங்க. கையெழுத்து அதுக்கப்புறம்.